கூலிக்குக் கட்டம் இல்லாத கணக்குப் புத்தகம்: தருமபுரி முதல் பத்தமடை வரை

முதல் நாள், சனிக்கிழமை: தருமபுரி

சேலத்தில் ஏறிய பேருந்து தொப்பூர் கணவாயைக் கடக்கும்போதே பங்குனி வெயிலில் ஜன்னல் கம்பி தொட முடியாதபடி சுட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே சாலையில் வாரத்துக்கு மூன்று முறை வந்துபோயிருக்கிறேன். அப்போது மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது என் வேலை. தோள்பையில் நானே வரைந்து அச்சடித்த படிவங்கள் இருக்கும். ஊர் ஊராகப் போய் வரவு எது, செலவு எது, இருப்பு எது என்று விளக்கிவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடி வருவேன். குழுக் கடன் வாங்கித் தொழில் தொடங்கிய பெண்களில் யார் நிலைத்தார்கள், யார் பாதியில் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று நேரில் கேட்டுவிடலாம் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. ஏழு நாள் கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

தருமபுரியில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் அமைக்கப்பட்டது; சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989 செப்டம்பரில் அது பெண்கள் குழுக்களை முதன்முதலாக உருவாக்கத் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அன்று தனி மாவட்டம் அல்ல; 2004இல்தான் பிரிந்தது. பிறகு 1992இல், வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. பதிவு பெறாத ஒரு குழுவின் பெயரில் சேமிப்புக் கணக்கு திறக்கலாம், சொத்துப் பத்திரம் கேட்காமல் அந்தக் குழுவுக்குக் கடனும் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு இன்று சாதாரணமாகத் தெரிகிறது. அன்று ஒரு வங்கி மேலாளருக்கு அதை விளங்கவைக்க ஒரு முழு நாள் ஆகும். 1997-98இல் தொடங்கிய மகளிர் திட்டத்தின் வழியாக இது படிப்படியாகத் தமிழகம் முழுவதும் பரவிய பிறகு, விளக்க வேண்டிய தேவையே குறைந்துபோனது.

மாலையில் நகரை ஒட்டிய ஒரு கிராமத்தில் மாதக் கூட்டத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத் திண்ணையில் பாய் விரித்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்தும் ஊக்குநர் பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவரும் சேமிப்பும் கடன் தவணையுமாகப் பணத்தை நடுவில் வைத்தார்கள். பிரதிநிதி அதை இரண்டு முறை எண்ணினார். தீர்மானப் புத்தகம் கைமாறி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குத் தெரிந்த காலத்தில் இங்கே பாதிப் பேர் கைநாட்டு.

கடைசியாக வாங்கிய வங்கிக் கடனில் யார் யார் தொழில் தொடங்கினீர்கள் என்று கேட்டேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் சிரித்துக்கொண்டே, "பேங்குல கேட்டா எல்லாரும் கறவை மாடு, உங்ககிட்ட சொன்னா தொழில் தொடங்கினது ரெண்டு பேர்தான்" என்றார். மற்றவர்கள் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும், அடகு வைத்த கம்மலை மீட்கவும், ஆழ்துளைக் கிணற்றுக்கு வாங்கிய வெளிக்கடனை அடைக்கவும் பயன்படுத்தியிருந்தார்கள். முன்பு நான் இதைத் 'தவறான பயன்பாடு' என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். இன்று அப்படி எழுத மாட்டேன். ஐந்து ரூபாய் வட்டிக்கு நகையை அடகு வைத்தவர் அதை ஒரு ரூபாய் வட்டிக் கடனால் மீட்டால், மாதம் நூற்றுக்கு நான்கு ரூபாய் அவர் வீட்டிலேயே நிற்கிறது. கறவை மாடு எல்லா மாதமும் அவ்வளவு தருமா என்பது சந்தேகம். ஆனால் அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்பதுதான் நான் தேடி வந்த கதை. ஒருவர் போச்சம்பள்ளி சந்தையில் காய்கறி விற்கிறார். மற்றவர், அக்கம்பக்கத்துக் குழுக்களையும் சேர்த்துக்கொண்டு புளி வியாபாரம் செய்கிறார்.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை: போச்சம்பள்ளி

ஞாயிறு தோறும் கூடும் போச்சம்பள்ளி சந்தை இந்தப் பக்கத்தின் பெரிய சந்தைகளில் ஒன்று. ஆடு, மாடு, கோழி, தானியம், துணி, மண்பானை என்று ஒரு பக்கம் பார்த்து முடிப்பதற்குள் மறுபக்கம் கலைந்துவிடும். காய்கறி அக்காவைத் தார்ப்பாய்க்கு அடியில் கண்டுபிடித்தபோது மணி ஏழு. அதற்குள் அவர் சுங்கம் கட்டி, மூட்டை இறக்கியவருக்குக் கூலி கொடுத்து, கத்தரிக்காயை மூன்று தரமாகப் பிரித்தும் வைத்திருந்தார்.

குழுவில் வாங்கிய கடனில் தராசும் தார்ப்பாயும் வாங்கியதாகச் சொன்னார். சரக்கு எடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். தினமும் வசூலிக்கும் தண்டல் கடனில் 10,000 ரூபாய் எழுதினால் கையில் வருவது 8,500. நாளைக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். பிடித்தம் 1,500 தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே போவதால், சராசரியாக அவர் கையில் நிற்பது அந்த 8,500இல் ஏறத்தாழ பாதிதான்; ஆண்டுக்கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். கந்துவட்டியைத் தடுக்க 2003லேயே தமிழகத்தில் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பெயர் அவருக்குத் தெரியும். தண்டல்காரரின் கைபேசி எண்ணும் தெரியும். இரண்டாவதுதான் அவருக்கு அன்றாடம் பயன்படுகிறது.

குழுவின் சேமிப்பிலிருந்தே இரண்டு ரூபாய் வட்டிக்கு உள்கடன் கிடைக்கும்போது இதை ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் அது அறிவில்லாத கேள்வி என்று புரிந்தது. "குழு மாசத்துக்கு ஒரு தடவை கூடுது அக்கா. எனக்குச் சனிக்கிழமை ராத்திரி பணம் வேணும்" என்றார். வட்டியைக் குறைப்பதற்கு நாங்கள் எவ்வளவோ உழைத்தோம். கடன் என்றைக்குக் கையில் வருகிறது என்பதும் வட்டியைப் போல ஒரு விலைதான் என்பதை அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இவருடைய குழு இப்போது ஒரு சிறிய மாற்றம் செய்திருக்கிறது: சேமிப்பில் ஒரு பகுதியை ஊக்குநரிடம் கைப்பணமாக வைத்து, சந்தைக்குப் போகும் இரண்டு உறுப்பினர்களுக்குச் சனிக்கிழமை கொடுத்துத் திங்கட்கிழமை திரும்ப வாங்குகிறார்கள். கையில் ரொக்கம் வைப்பதை எந்தத் தணிக்கையாளரும் விரும்ப மாட்டார். நானும் அன்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன். தண்டலில் பாதியை நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டு, அவர் ஒரு கிலோ தக்காளியை என் பையில் போட்டார். காசு வாங்க மறுத்தார்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை: புளி தட்டும் வீடு

இந்த ஒரு நாளுக்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம்.

மாசி பிறந்ததிலிருந்து சித்திரை வரை இங்கே புளிப் பருவம். மரத்தை ஏலம் எடுத்தவர்கள் உலுக்கி விழவைத்த பழத்தை ஓடு நீக்கி விற்பார்கள். வியாபாரிகள் அதை மூட்டை மூட்டையாக வீடுகளில் இறக்கிவிட்டுப் போவார்கள். பெண்கள் கொட்டையை நீக்கிக் கொடுத்துக் கிலோக் கணக்கில் கூலி வாங்குவார்கள். நான் போன வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். புளியைக் கல்லின் மேல் நீளவாட்டில் வைத்துச் சிறிய இரும்புத் தடியால் ஓர் அடி; அடியின் அளவு சரியாக இருந்தால் சதை பிளந்து கொட்டை தானாகத் துள்ளி வெளியே வரும், அதிகமானால் கொட்டை உடைந்து சதையோடு சேர்ந்துவிடும். நார் தனியாக இழுபடுகிறது. ஐந்து பேரின் விரல் நுனிகளும் கறுத்து, புளிப்பு ஏறிய வெடிப்புகளோடு இருந்தன. நானும் ஒரு மணி நேரம் தட்டினேன். என் குவியலைப் பார்த்த பாட்டி ஒருவர் ஒன்றும் சொல்லாமல் அதைத் தன் பக்கம் இழுத்து மறுபடி தட்டத் தொடங்கினார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பன்னிரண்டு பேர் சேர்ந்து, வியாபாரியிடம் கூலிக்குத் தட்டுவதை விட்டுவிட்டுச் சொந்தமாகப் புளி வாங்கித் தட்டி விற்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தை ஊக்குநர் எடுத்துவந்து காட்டினார். படிவம் நான் வரைந்தது. மேல் ஓரத்தில் என் கையெழுத்தை அப்படியே அச்சடித்த 'வரவு - செலவு' என்ற தலைப்பு. கீழே எட்டுக் கட்டங்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக நகலெடுத்து நகலெடுத்து ஒரு பக்கக் கோடு மறைந்தே போயிருந்தது.

முதல் பக்கக் கணக்கு இது. 100 கிலோ கொட்டைப் புளி, கிலோ 60 ரூபாய் வீதம் 6,000. வண்டி வாடகை 400. உப்பும் சாக்கும் 100. ஆகச் செலவு 6,500. தட்டிக் கிடைத்த புளி 60 கிலோ, கிலோ 135 வீதம் 8,100. கொட்டை 35 கிலோ, கிலோ 14 வீதம் 490. ஆக வரவு 8,590. அடியில் இரட்டைக் கோடிட்டு, 'லாபம் 2,090' என்று எழுதியிருந்தது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த 100 கிலோவைத் தட்ட எத்தனை பேருக்கு எத்தனை நாள் ஆனது என்று கேட்டபோது, புத்தகத்தில் பதில் இல்லை. மூன்று பேர், மூன்று நாள் என்று வாய்ச்சொல்லாக வந்தது. ஒன்பது ஆள்நாளுக்கு 2,090 ரூபாய் என்றால் ஒரு நாளுக்கு 232 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்குத் தமிழகத்தில் அறிவிக்கப்பட்ட கூலியே நாளுக்கு 336 ரூபாய். வியாபாரியிடம் கூலிக்குத் தட்டியிருந்தால் இதே வேலைக்குக் கிலோவுக்கு 20 வீதம் 1,200, அதாவது நாளுக்கு 133தான் கிடைத்திருக்கும் என்று அவர்களே சொன்னார்கள். ஆக, சொந்தமாக வாங்கியதில் அவர்கள் கூலி உயர்ந்தது உண்மை. லாபம் என்று ஒன்று வந்ததா என்றால், வரவில்லை.

இது பெயரளவிலான வேறுபாடு என்று நினைத்துவிடக் கூடாது. லாபம் என்று எழுதியதால் அதைப் பன்னிரண்டு பேருக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். தட்டிய மூன்று பேருக்கும், பணம் மட்டும் போட்டுவிட்டு அறுவடைக்குப் போன ஒன்பது பேருக்கும் தலைக்கு 174 ரூபாய். அடுத்த முறை அந்த மூன்று பேர் தட்ட வரவில்லை. யாரும் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் உழைத்ததற்குப் புத்தகத்தில் சாட்சி இல்லை. பேச்சு வளர்ந்து, ஒருவர் இன்னொருவரின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாத அளவுக்கு ஆகிவிட்டது. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் 'உறுப்பினர்களிடையே ஒற்றுமை இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். ஒற்றுமைக்கு என்ன குறைச்சல்? கூலிக்கு ஒரு கட்டம் இல்லை. அதை வரையாமல் விட்டவள் நான்.

இன்னொரு தவறு என் பங்கில் சேராது. சொந்தப் புளிக்காக அந்த ஆண்டு கார்த்திகையிலேயே வங்கிக் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி, யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் தர மதிப்பீடு, கையெழுத்து, புகைப்படம், மேலாளர் மாறுதல் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, பணம் வந்து சேர்ந்தது ஆனியில். மரத்தில் புளி இல்லை, களத்திலும் இல்லை. அடுத்த மாதமே தவணை தொடங்கிவிட்டது. வட்டி ஏறிக்கொண்டிருந்த பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், தங்களுக்குள் உள்கடனாகப் பிரித்துக்கொண்டார்கள். வங்கியின் பதிவேட்டில் அது இன்றும் புளி வியாபாரக் கடன்தான். பெரிய வியாபாரிகள் பங்குனியில் வாங்கி உப்பிட்டுக் குளிர்பதனக் கிடங்கில் அடுக்கி, நிறம் மங்காமல் மழைக்காலம் வரை காத்திருந்து விற்கிறார்கள். மாதத் தவணை கட்ட வேண்டியவர்களால் காத்திருக்க முடியாது; எல்லோரும் விற்கும் மாதத்தில்தான் அவர்களும் விற்க வேண்டும்.

இப்போது ஐந்து பேர் மட்டும் மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் பேசி, ஆறு மாதம் கழித்து மொத்தமாகத் திருப்பித் தரும் கடனாக ஒரு சிறு தொகை வாங்கியிருக்கிறார்கள். அரைக் கிலோ பொட்டலமாகப் போட்டு, கல்லூரிகளில் நடத்தப்படும் சுயஉதவிக் குழுச் சந்தையில் விற்கும் எண்ணமும் இருக்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் புதிய பக்கம் ஒன்றை வரைந்தோம்: தேதி, பெயர், வாங்கிய எடை, தட்டிய எடை, மணி நேரம், அன்றைய கூலி. கூலியை முதலில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் லாபம் என்று எழுதுவது என்று முடிவாயிற்று. அப்போது, என் குவியலைத் திருத்திய பாட்டி, எழுதத் தெரியாத தன் உழைப்பை யார் எழுதுவார்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவரே எழுந்து உள்ளே கூட்டிப்போனார். அடுப்படிச் சுவரில் கரியால் போட்ட கோடுகள், நான்குக்கு ஒரு குறுக்குக் கோடாக, வரிசை வரிசையாக இருந்தன. தட்டி முடித்த ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு. வெள்ளையடித்த இடம் போக மூன்று பருவத்துக் கோடுகள் மிஞ்சியிருந்தன. வியாபாரி ஏமாற்றிவிடக் கூடாது என்று தொடங்கிய பழக்கமாம். குழு தொடங்கிய பிறகும் விடவில்லை.

புத்தகத்தில் இல்லாத கணக்கு மூன்று ஆண்டுகளாக அந்தச் சுவரில் இருந்திருக்கிறது.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை: பேருந்தில்

தருமபுரியிலிருந்து சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக மதுரை. பெரும்பாலும் தூங்கினேன். கரூரில் பக்கத்து இருக்கைக்கு வந்த பெண் ஒருவர் தனியார் நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணை அட்டைகள் மூன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து, எது இன்றைக்கு, எது நாளைக்கு என்று அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் வரையறுத்திருக்கிறது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கும் சட்டத்தைத் தமிழக சட்டப்பேரவையும் 2025இல் நிறைவேற்றியது. அட்டைகளைப் பார்த்ததும் இவையெல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் தொழிலைப் பற்றிக் கேட்கும் முன்பே அவர் அட்டைகளை உள்ளே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்காமல் விட்டதே நல்லது.

ஐந்தாம் நாள், புதன்கிழமை: மதுரை

காலை ஐந்து மணிக்கு மாட்டுத்தாவணி பூச்சந்தை. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது; கட்டி விற்கும் பெண்ணுக்கு அதனால் கிடைத்தது பெருமை மட்டும். மல்லிகையின் விலை முகூர்த்த நாளுக்கு ஒன்று, மறுநாளுக்கு ஒன்று. ஒரே காலையில் ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும்கூட வேறு வேறு. வாங்கிய பூ மாலைக்குள் மலர்ந்துவிடும், மலர்ந்தால் பாதி விலை. சரக்கு இவ்வளவு சீக்கிரம் வீணாகும் தொழிலில் முதலைவிட வேகமே முக்கியம் என்பதை, வாழைநாரில் பூவைக் கட்டிக்கொண்டே பேசிய ஓர் அம்மாவின் விரல்களைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பேச்சு நின்றாலும் விரல் நிற்கவில்லை. அவர் முழம் போட்டதையும் கவனித்தேன். கையை நன்றாக நீட்டினால் நீள முழம், முழங்கையைச் சற்று மடக்கினால் குட்டை முழம். பூ விலை ஏறிய நாளில் விலையைச் சொல்லிக் கூட்டாமல் முழங்கையை மடக்கிக்கொள்வாராம். "வாங்குறவங்களுக்கும் தெரியும். கேக்க மாட்டாங்க" என்றார். இவருடைய குழுவில் எட்டுப் பேர் சேர்ந்து கமிஷன் கடையில் மொத்தமாக எடுத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சேர்ந்து வாங்குவது, தனித்தனியாக விற்பது. எந்தச் சண்டையும் வந்ததில்லை என்கிறார். உழைப்பைக் கலக்காததால் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. குழு என்றாலே சேர்ந்து உற்பத்தி செய்ய வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்திய காலம் ஒன்று உண்டு. அதில் எத்தனை ஊதுவத்தி, எத்தனை மெழுகுவத்தி மூலையில் தூசி படிந்தன என்பதை எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மதியத்துக்குப் பிறகு அழகர்கோவில் பக்கம் உள்ள புல்லுச்சேரிக்குப் போனேன். பெண்கள் சேமிப்புக் குழுக்களின் களஞ்சியம் இயக்கத்தைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாளின் ஊர். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளியான அவர், கந்துவட்டியிலிருந்து பெண்களை மீட்கக் குழுக்களைத் திரட்டியதற்காக 2001இல் தில்லியில் ஸ்திரீ சக்தி விருது பெற்றபோது, பிரதமர் வாஜ்பாய் மேடையில் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. வாஜ்பாய் காலைத் தொட்ட புகைப்படத்தை அந்நாளில் எல்லாப் பயிற்சி அறைகளிலும் ஒட்டியிருந்தோம். எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது வேறு. அவர் குழுக்களுக்கு வருவதற்கு முன்பே, வயல் வேலைக்குப் போகும் பெண்களின் கொத்துக்குத் தலைமை தாங்கியவர். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வயல் முடிந்தது, யாருக்கு எவ்வளவு கூலி என்பதை நினைவிலேயே வைத்துப் பிரித்துக் கொடுத்தவர். கூலிக் கணக்கைத் தலைக்குள் சுமந்த ஒருவரின் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, அதே அறையில் கூலிக் கட்டம் இல்லாத படிவத்தை விநியோகித்திருக்கிறேன். அவரைப் பார்க்க முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. வீட்டு வாசல் வரை போய்த் தொந்தரவு செய்ய மனமில்லாமல் திரும்பினேன்.

ஆறாம் நாள், வியாழக்கிழமை: பத்தமடை

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி சாலையில் பத்தமடை. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையால் நெய்யும் பாய்க்குப் பேர்போன ஊர். 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனது என்பதை இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நெய்பவர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியப் பெண்கள். நான் போன வீட்டுக் கூடத்தில் தரையோடு தரையாக, நீளவாட்டு நூலான பாவு இழுத்துக் கட்டியிருந்தது. ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்துக் காயவைத்துக் கீறிய கோரை, தலைமுடியைவிடச் சற்றே தடித்த இழையாகச் சுருண்டு கிடந்தது. நீண்ட குச்சி ஒன்றின் முனையில் இழையைக் கோத்து, பாவின் ஊடே செலுத்தி, அச்சுப் பலகையால் இறுக்கித் தட்டுகிறார்கள். அரை மணி நேரம் பார்த்தும் பாய் ஒரு விரற்கடை நகரவில்லை.

விலை எப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "மொதல்ல நாள எண்ணுவோம்மா" என்றார் அந்த வீட்டுப் பெரியம்மா. மணமக்களின் பெயர் போட்ட கல்யாணப் பாய் என்றால் இத்தனை நாள், பூ வேலைப்பாடு கூடினால் இத்தனை நாள். நாளுக்கு இவ்வளவு என்று பெருக்கி, அதற்கு மேல்தான் கோரையும் நூலும் சாயமும். முன்பணம் வாங்காமல் பாவு போடுவதில்லை. கடனே வாங்காமல் வாடிக்கையாளரின் பணத்திலேயே தொழில் நடக்கிறது. பெயர் நெய்த பாயை வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால், முன்பணம் கேட்பதில் கூச்சமும் இல்லை. வரையாமல் விட்டதற்காக மூன்று நாளாக நான் என்னையே மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்த அந்தக் கூலிக் கட்டம் இங்கே முதல் வரியாக இருந்தது.

ஆனால் அதே கூடத்தின் மறுமூலையில் சாதாரணப் பாய்கள் சுருட்டி அடுக்கியிருந்தன. அவற்றின் விலையைச் சொல்லும்போது பெரியம்மா நாளை எண்ணவில்லை. பிளாஸ்டிக் பாய் என்ன விலைக்கு விற்கிறதோ அதற்குச் சற்று மேலே வியாபாரி ஒரு தொகை சொல்வார், கொடுத்துவிடுவோம் என்றார். உழைப்பை எண்ணத் தெரிந்திருப்பது மட்டும் போதாது, எண்ணியதைக் கேட்டு வாங்கும் இடமும் வேண்டும். கல்யாணப் பாய் ஆண்டுக்குச் சில மாதங்கள்தான் வரும். மற்ற மாதங்களில் வீட்டை நடத்துவது அந்தச் சாதாரணப் பாய்கள்தான். பேத்தி கைபேசியில் படம் எடுத்துப் போட்டு வெளியூர் ஆர்டர் பிடிக்கிறாளாம். போன மாதம் மேசை விரிப்பு அளவில் நான்கு கேட்டிருக்கிறார்கள். அந்த நான்குக்கும் நாளை எண்ணித்தான் விலை சொன்னாள் என்று சொல்லும்போது பெரியம்மாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை: ரயிலில்

வெள்ளி இரவு திருநெல்வேலியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன். கோவில்பட்டி தாண்டியிருக்கும்போது தருமபுரியிலிருந்து ஊக்குநர் அழைத்தார். புதிய பக்கத்தில் நான்கு நாள் கணக்கு ஏறிவிட்டது. கூட்டிப் பார்த்ததில், வாங்கும் விலை கிலோவுக்கு 60க்கு மேல் போனால் இந்த ஐந்து பேருக்கும் முழுக் கூலி நிற்காது என்று தெரிந்திருக்கிறது. அதனால் நேற்று 64 சொன்ன வியாபாரியிடம் வாங்காமல் திரும்பிவிட்டார்களாம். முன்பெல்லாம் வாங்கியிருப்போம் என்றார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். முந்தாநாள் இரவு மழை வரும்போல் இருந்ததால், பாட்டி எழுந்துபோய்க் களத்தில் காய்ந்துகொண்டிருந்த புளியைத் தார்ப்பாயால் மூடியிருக்கிறார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். கால் மணி நேரம் இருக்கும் என்றார். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் பாட்டியின் குரல் கேட்டது. ஊக்குநர் சிரித்துக்கொண்டே அதை எனக்குச் சொன்னார். பாட்டி அன்றிரவே சுவரில் அரைக்கோடு போட்டுவிட்டாராம்.